காலடி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்!



வெள்ளைத் துணியில் துருக்கறை பட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்? எலுமிச்சம்பழச் சாற்றில் கொஞ்சம் உப்பைக் கலந்து, கறையின்மேல் தேய்த்து, வெயிலில் காயப்போட்டு அலசினால் போய்விடும். இது உங்களில் பலருக்குத் தெரிந்த குறிப்புதான். எனக்கும் தெரியும். தெரிந்திருந்ததுதான் வினையாகப் போயிற்று!

என் சின்ன மகள் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தூத்துக்குடி இருபது கிலோமீட்டர் போல இருக்கும். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு எங்கள் தெருப் பிள்ளைகளோடு வேனில் போய் வருகிறாள். வேன் வேறு யாருடையதும் அல்ல, என் கொழுந்தனாருடையது. ஆகவே எனக்குக் கவலையே கிடையாது.

2024 மழைக்காலத்தில் அவளுடைய வெள்ளை சாக்ஸில் வாராவாரம் செம்பழுப்பாக ஒரு கறை வந்தது. "ஷூ காலைக் கடிக்குதும்மா, வண்டியில கழட்டிப் போட்டுருவேன்" என்றாள். நானும் நாலு திட்டுத் திட்டிவிட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். கறை போயிற்று. அடுத்த வாரம் மறுபடி வந்தது.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "ஏ பிள்ளை, கறையைப் போக்குதே, சரி. அது எங்கேருந்து வருதுன்னு பாத்தியா?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல எங்கயாவது மிதிச்சிருப்பா அத்தை" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் 2025 மே மாதம்தான் கிடைத்தது. அதுவும் ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரின் கையால்!

வண்டிக்கும் உடல் பரிசோதனை

வாடகைக்கு ஓடுகிற வண்டிகள், பள்ளிப் பேருந்துகள், வேன்கள், லாரிகள் எல்லாவற்றுக்கும் தகுதிச் சான்று வேண்டும் என்பது 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம். 'எஃப்.சி.' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். புது வண்டிக்கு இரண்டு வருடத்துக்குச் சான்று தருகிறார்கள். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், எட்டைத் தாண்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு முறையும் காட்ட வேண்டும். மனுஷருக்கு வயதானால் டாக்டர் அடிக்கடி வரச் சொல்வதில்லையா, அதே கணக்குத்தான்.

எங்கள் வேனுக்கு எட்டு தாண்டிவிட்டது. மே மாதம் எங்கள் ஊரில் வீரசக்கதேவி கோவில் திருவிழா. சுற்று வட்டாரத்திலிருந்து வேனும் லாரியுமாக ஜனங்கள் வந்து குவிவார்கள். அந்தச் சந்தடியெல்லாம் முடிந்த கையோடு கொழுந்தனார் வண்டியை எஃப்.சி.க்குத் தயார் செய்தார். நசுங்கல் எடுத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து, பளபளவென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தினார். காலையில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார்.

"ஃபெயில் பண்ணிட்டாங்க மதினி."

எனக்கு வந்ததே கோபம்! "பிரேக் இன்ஸ்பெக்டர் என்னத்த எதிர்பார்க்காராம்? புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டியைத் திருப்பி அனுப்புறதுன்னா என்ன அர்த்தம்?" என்று சத்தம் போட்டேன். முகம் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி இன்னும் என்னென்னவோ பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கொழுந்தனார் பதில் பேசவில்லை. "ஒரு எட்டு வந்து பாருங்க மதினி" என்று மட்டும் சொன்னார்.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பின்சீட்டுக்கு முன்னால் தரையில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எங்கள் வாசல் மண் தெரிந்தது. கீழே உதிர்ந்து கிடந்த வேப்பம்பூகூடத் தெரிந்தது.

"ஸ்க்ரூடிரைவரை வச்சு லேசாத்தான் அமுக்கினாரு மதினி. அப்பளம் மாதிரி பொடிஞ்சிட்டு."

அந்த இடத்தில் யார் உட்காருவார் என்று நான் கேட்கவில்லை. ஜன்னலோரத்துக்காகச் சண்டை போட்டு என் மகள் பிடித்து வைத்திருக்கிற இடம் அது. மூன்று மாதம் எலுமிச்சம்பழம் தேய்த்த கை சில்லிட்டுப் போயிற்று.

உப்பு செய்கிற வேலை

அரிவாள்மனையில் உப்புப் போட்ட மாங்காயை நறுக்கிவிட்டுக் கழுவாமல் வைத்துப் பாருங்கள். காலையில் செந்துரு பிடித்திருக்கும். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தாலே துருதான். அதோடு உப்பும் சேர்ந்துகொண்டால் துரு ஓட்டமாக ஓடுகிறது. கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை நாளில் உப்பு ஜாடி நசநசக்கிறதே, அதே சங்கதிதான்.

எங்கள் தூத்துக்குடிச் சீமையோ உப்புச் சீமை. கொழுந்தனார் விடியற்காலையில் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தருவைகுளம் பக்கம் கொண்டு விட்டுவிட்டு வந்துதான் பிள்ளைகளை ஏற்றுவார். மதியம் அவர்களைத் திரும்ப அழைத்து வருவார். நாள் முழுக்கப் பாத்தியில் நின்ற பாவப்பட்ட ஜனங்கள். அவர்கள் காலோடு உப்புத் தண்ணீரும் வண்டிக்குள் ஏறிவிடும். அது அவர்கள் குற்றமில்லை. தினமும் விரிப்பைத் தூக்கி நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைக்காதது எங்கள் குற்றம்.

போதாக்குறைக்கு 2023 டிசம்பர் வெள்ளம். அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அப்போது வேன் தூத்துக்குடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் மேலே துடைத்தோம், சீட்டைக் காயவைத்தோம். விரிப்போ பசை போட்டு ஒட்டியிருந்தது. மேல்பக்கம் காய்ந்திருந்ததால் கீழும் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டோம். அடியில் ஈரமும் உப்பும் ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கின்றன!

2024 மே மாதம் சான்று கிடைத்துவிட்டதே என்று கேட்கலாம். அப்போது துரு மேலோடு இருந்திருக்கும். சான்று என்பது அந்த ஒரு நாள் நிலைமையைச் சொல்வது. மற்ற 364 நாளும் அந்த வண்டியில் போகிறது நம் பிள்ளைகள்தான்.

மறக்க முடியாத ஒரு ஜூலை

2012 ஜூலை 25ஆம் தேதி சென்னை தாம்பரம் அருகே நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று கொடுக்கப்பட்டிருந்தது! சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வருடமே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. அவசர வழி, முதலுதவிப் பெட்டி, கூடவே ஓர் உதவியாளர் என்று பல கட்டாயங்கள் வந்தன. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்குமுன் கோடை விடுமுறையில் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோமே, அந்தக் குழந்தையின் சாவு நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

செய்தியைப் படித்த அன்று நானும் அழுதேன். ஆனால் என் வீட்டு வண்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வண்டிகள் ஏன் திரும்பி வருகின்றன?

எங்கள் வண்டியின் சீட்டில் தளத்தோடு இன்னும் நாலு குறை எழுதியிருந்தது. தூத்துக்குடிப் பட்டறையில் வேலை நடந்தபோது நானும் கூடப் போய், மேஸ்திரியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டிகள் வழக்கமாக எதனால் தவறுகின்றன என்பதை உங்களுக்கும் சொல்கிறேன். பாதிக்கு மேல் நாமே கண்டுபிடிக்கக்கூடியவைதான்.

விளக்குகள்: அதிகம் அலட்சியமாக விடப்படுவது இதுதான். பின்பக்கத்துப் பிரேக் விளக்கு எரியாது, இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் மினுக்கும், நம்பர் பிளேட் விளக்கு என்றைக்கோ செத்திருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பின்னால் நிற்கிறவருக்குத்தான் தெரியும். இங்கிலாந்தில் 1960லிருந்து கார்களுக்கு இப்படி ஒரு பரிசோதனை நடக்கிறது. அங்கேயும் கார்கள் தவறுவதற்கு முக்கியமான காரணங்களில் விளக்குக் குறையும் ஒன்று. ஊர் எதுவானாலும் மனுஷ சுபாவம் ஒன்றுதான்!

பிரேக்: மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடாது. மிதி பஞ்சு மாதிரி அமுங்கக்கூடாது. சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் ஒழுகிய தடம் இருக்கக்கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டால் சரிவில் வண்டி நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. கொழுந்தனார் சக்கரத்துக்குக் கல் வைத்தே பழகிவிட்டார்.

டயர்: வாடகை வேனுக்கும் காருக்கும் டயர் வரியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அளவுகோல் வேண்டாம். வரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன மேடாக ரப்பர் கட்டை இருக்கும். டயர் தேய்ந்து அந்தக் கட்டையோடு சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் வீக்கமோ வெடிப்போ இருந்தாலும் ஆகாது.

ஸ்டீயரிங்: லேசாகத் திருப்பினால் சக்கரமும் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங் மட்டும் தொளதொளவென்று ஆடிவிட்டுப் பிறகு சக்கரம் திரும்பினால் கோளாறு. இதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

வைப்பர்: எங்கள் பக்கத்தில் மழை ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் உண்டு. மற்ற மாதமெல்லாம் வைப்பர் ரப்பர் வெயிலில் வெந்து வறட்டி மாதிரி ஆகிவிடும். முதல் மழையில் கண்ணாடியைத் துடைக்காது, கீறும். இதுவும் எங்கள் சீட்டில் இருந்தது.

புகை: சைலன்ஸர் ஓட்டையும் கரும்புகையும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடும். இதில் ஆரோக்கிய விஷயமும் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். சைலன்ஸர் குழாய் வழியில் உடைந்து, தளத்திலும் ஓட்டை இருந்தால் புகை வண்டிக்குள் ஏறும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வரும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. வண்டியில் போய் வருகிற நாளெல்லாம் பிள்ளைக்குத் தலைவலி, லீவு நாளில் இல்லை என்றால் கண்ணை மட்டும் சோதித்துவிட்டு நிற்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், வண்டியையும் பாருங்கள்.

நாமே சேர்த்த அலங்காரம்: பல ராகத்தில் பாடுகிற ஹாரன் சட்டப்படி கூடாது. கண்ணாடிக்கும் கணக்கு உண்டு. முன்பக்கமும் பின்பக்கமும் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

காகிதமும் எண்ணும்: இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், புகைச் சான்று எல்லாம் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் நான்கு, ஆறு வகை வண்டிகளுக்குப் புகைச் சான்று ஒரு வருடம் செல்லும், அதற்கும் பழையவற்றுக்கு ஆறு மாதம்தான். இன்னொரு வேடிக்கை, எங்கள் வண்டியின் சேஸிஸ் எண்மேல் புதுப் பெயிண்ட் பூசி எண்ணே தெரியாமல் செய்துவிட்டார்கள். அழகுபடுத்தப் போய் அடையாளத்தையே மறைத்த கதை!

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு

"எங்களுடையது சொந்தக் கார். எங்களுக்கு எஃப்.சி. கிடையாதே" என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? நீங்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடத்துக்கு. அதன் பிறகுதான் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்த முதல் 15 வருடம் அரசாங்கத்தில் யாரும் உங்கள் பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் மூன்று வயதான காருக்கே வருடா வருடம் பரிசோதனை. இங்கே பரிசோதகர் நாம்தான்.

மாதத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகப் போட, இன்னொருவர் சுற்றி வந்து பார்க்கட்டும். டயர் வரியைத் தடவிப் பாருங்கள். சீட் பெல்ட் ஒவ்வொன்றையும் இழுத்து மாட்டிப் பாருங்கள். காலடி விரிப்பைத் தூக்கி, ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் வண்டியின் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

பிள்ளைகள் வாடகை வேனில் போகிறார்களா? எம்பரிவாகன் என்கிற அரசாங்கச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். டிரைவரிடம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல அண்ணாச்சி, ஒரு தடவை பாத்துக்கிடுதேன்" என்று தன்மையாகச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். சொந்தக் கொழுந்தனார் வண்டி என்று நான் கேட்காமல் இருந்தேன் பாருங்கள், அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். அன்பு வேறு, ஆய்வு வேறு.

எங்கள் வேனுக்குப் பழைய தகரத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். அடியில் துரு பிடிக்காத பூச்சு பூசினார்கள். செலவுக்கு என் சீட்டுப் பணத்தையும் கொடுத்தேன். பள்ளி திறக்கும் முன்பே இரண்டாவது தடவை காட்டிச் சான்று வாங்கியாயிற்று. விரிப்பை இப்போது ஒட்டுவதில்லை. மதியம் உப்பளத்து ஆட்களை இறக்கியதும் உருவி எடுத்துக் கழுவி, எங்கள் வேலிமேல் காயப்போட்டுவிடுகிறார்.

வேலை முடிந்து வண்டி வாசலில் வந்து நின்றபோது அத்தை கொழுந்தனாரைப் பார்த்து ஒரு போடு போட்டார். "ஏலே, 1801ல ஊமைத்துரை ஆறு நாள்ல எழுப்பின மண்கோட்டை வெள்ளைக்காரன் பீரங்கிக்கே நின்னுச்சுன்னு ஊரெல்லாம் பேசுதோம். நீ அடிச்ச பெயிண்டு ஒரு ஸ்க்ரூடிரைவருக்கு நிக்கலியே!"

எல்லோரும் சிரித்தோம். கொழுந்தனாரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இல்லை. "கறையைப் போக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது பிள்ளை" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த இன்ஸ்பெக்டரை மறுபடி பார்த்தால் ஒரு நன்றி சொல்லச் சொல்லி கொழுந்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் விரிப்பைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், நாங்கள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்திருப்போம்.

அடுத்த இதழில் சந்திப்போமா, சகோதரிகளே? அதற்குள் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய் வந்துவிடுங்கள்!